தோட்டத்துக்கு மெஷின்: பெட்ரோலா, பேட்டரியா, வாடகையா?

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், கொங்குப் பக்கம் வீட்டைச் சுற்றியுள்ள காலி இடமெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பச்சை கட்டிவிடும். பார்த்தீனியம், கோரை, அருகு, நாயுருவி, நடுவில் ஒன்றிரண்டு எருக்கு. களைக்கொத்து பிடிக்க ஆள் கேட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். அப்போதுதான் பலரும் கைப்பேசியில் புல்வெட்டும் மெஷின் தேடத் தொடங்குகிறார்கள். 52 சிசி, 7 ஹெச்.பி., பாதி விலைத் தள்ளுபடி என்று வரிசையாக வந்து விழும். அதில் பெரியதாக ஒன்றைத் தட்டிவிட்டால், மூன்றாவது நாள் பெட்டி வாசலுக்கு வந்துவிடுகிறது.

சக்தியைப் பார்த்து வாங்குவதுதான் இதில் நடக்கிற முதல் கோளாறு. என் கணக்கு வேறு. தரையில் என்ன கிடக்கிறது, மெஷினை யார் பிடிக்கப்போகிறார், கெட்டுப்போனால் பக்கத்தில் யார் சரிசெய்வார் என்ற மூன்றையும் பார்த்தாலே பாதி மெஷின்கள் தாமாகக் கழிந்துவிடும். மிச்சத்தில் எதை எடுப்பது என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் இடத்தைப் பாருங்கள்

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. கோவையிலோ திருப்பூரிலோ ஐந்து சென்ட் சைட்டில் வீடு கட்டியவருக்கு, வீடும் போர்ட்டிகோவும் போக மண்ணாக மிஞ்சுவது ஒன்றரை, இரண்டு சென்ட்தான். அதற்கு இன்ஜின் வைத்த எதுவும் தேவையில்லை. பத்து சென்ட்டிலிருந்து முப்பது சென்ட் வரை, நாலு தென்னை, ஒரு மா, இரண்டு கொய்யா என்று வைத்திருப்பவர்கள் நடுத்தரம்; இவர்களுக்குத்தான் முடிவெடுப்பது சிரமம். அரை ஏக்கருக்கு மேல் தோட்டமும் சாளையும் வைத்து வாரக் கடைசியில் போய் வருகிறவர்களுக்கு மெஷின் தேவைதான், ஆனால் எல்லா மெஷினும் சொந்தமாகத் தேவை என்று அர்த்தமில்லை.

அளவோடு மண்ணையும் பாருங்கள். பல்லடம், காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் பல இடங்களில் சரளையும் சுக்காங்கல்லும் புல்லுக்கு அடியில் ஒளிந்து கிடக்கும். வீடு கட்டி முடித்த சைட் என்றால் ஜல்லி, ஓட்டுச் சில்லு, சென்ட்ரிங் கம்பி, ஆணி எல்லாம் உண்டு. இது ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கில் தெரியும். நீளத் தண்டின் நுனியில் பிளேடோ கயிறோ சுழன்று புல் வெட்டும் பிரஷ் கட்டரில் 25 சென்டிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. 40 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுற்றும் நைலான் கயிற்றின் நுனி வேகம் அதைவிடவும் அதிகம். அதில் ஒரு ஜல்லிக்கல் பட்டால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் பிரஷ் கட்டரோடு வரும் கையேடுகளில், ஓடும்போது சுற்றிலும் 15 மீட்டருக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று போட்டிருப்பார்கள். 15 மீட்டர் என்றால் ஏறத்தாழ 50 அடி. ஐந்து சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 47 அடிகூட வராது. அதாவது உங்கள் மனையின் எந்த மூலையில் நின்று மெஷினை ஓட்டினாலும் பக்கத்து வீட்டு ஜன்னலும், தெருவில் நிற்கிற காரும், கோலம் போடுகிற அம்மாவும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். நகரத்துக்குள் சின்ன மனைக்குப் பெட்ரோல் பிரஷ் கட்டர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். சத்தமும் புகையும் அப்புறம்தான்.

பிரஷ் கட்டர்: நாலு விதம்

வீட்டுத் தோட்டத்துக்கு அதிகம் விற்பது இதுதான். உள்ளே இருக்கும் சக்தியை வைத்துப் பார்த்தால் டூ ஸ்ட்ரோக் பெட்ரோல், ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல், பேட்டரி, ஒயர் வைத்த கரன்ட் என நாலு விதம்.

டூ ஸ்ட்ரோக் விலை குறைவு. பத்தாயிரத்துக்குக் கீழேயே ஆன்லைனில் கிடைக்கும். எடைக்குத் தகுந்ததைவிட நல்ல இழுவை இருக்கும். தொல்லை எல்லாம் பெட்ரோலோடு ஆயில் கலப்பதில். 50:1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் பைக்குக்கு வாங்கி வைத்த ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் ஆகாது. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக் கருத்துப் புகை கக்கும். கலந்ததை மாதக்கணக்கில் வைத்திருப்பதும் சரியில்லை. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், சின்ன கார்புரேட்டரில் உள்ள ரப்பர் பாகங்களுக்கும் அது நல்லதல்ல. ஒரு மாதத்துக்கு மேல் மெஷினை எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வைத்துவிட்டு அடுத்த மழைக்கு எடுத்துக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றவர்கள்தான் மெக்கானிக் கடை வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்.

ஃபோர் ஸ்ட்ரோக் விலை இரண்டு மூன்று மடங்கு. 35 சிசியில் பேர் பெற்ற கம்பெனி மெஷின் எடுத்தால் கலக்கும் வேலை இல்லை, புகை குறைவு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் இன்ஜின் ஆயில் பார்த்து மாற்ற வேண்டும். இந்த அளவு இன்ஜினுக்கு 100 மில்லி அளவுதான் பிடிக்கும். முதல் 10 மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை, அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை. கொஞ்சம்தானே என்று விட்டால், கொஞ்சம் என்பதாலேயே சீக்கிரம் கெட்டுப்போகும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்து, மெஷினைத் தானே ஓட்டப் போகிறவருக்கு இதுதான் என் தேர்வு. மேடு பள்ளமும் வரப்பும் இருந்தால் முதுகில் சுமக்கும் வகை வசதி. சமதளம் என்றால் தோளில் மாட்டி இரண்டு கைப்பிடி பிடிக்கும் வகை நல்லது. தடுக்கி விழுந்தாலோ தீப்பிடித்தாலோ ஒரே இழுப்பில் கழற்றிப் போட்டுவிடலாம். வாங்கிய அன்றைக்கே அந்தக் கொக்கியை நாலு தடவை கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அதிகம் இங்கேதான். 88வி, 98வி என்று பெரிதாக எழுதிய பேட்டரி மெஷின்கள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. பலவற்றில் அது வெறும் ஸ்டிக்கர் எழுத்து. உள்ளே ஐந்து லித்தியம் செல்களை வரிசையாகக் கோத்த 18 வோல்ட் பேட்டரிதான், முழுச் சார்ஜில் 21 வோல்ட். வோல்ட்டை மட்டும் பார்க்காமல் அதை ஆம்பியர்-ஹவரோடு பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 72 வாட்-ஹவர். 36 வோல்ட், 4 என்றால் 144. புல் வெட்டும்போது மெஷின் 400 வாட் இழுத்தால் முதலாவது பத்து நிமிடத்தில் தீரும், இரண்டாவது இருபது நிமிடம் தாங்கும். சின்ன மனைக்கு அந்த இருபது நிமிடம் தாராளம். தென்னந்தோப்புக்குப் பத்தாது.

பேட்டரிக்கு எதிரி வெயில். ஈரோட்டிலும் கரூரிலும் கோடையில் 40 டிகிரி சாதாரணம். தகர ஷெட்டுக்குள் அதைவிடவும் கொதிக்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதாக இருந்தால் முழுச் சார்ஜிலும் வேண்டாம், சுத்தமாகத் தீர்ந்தும் வேண்டாம், பாதியில் வைக்கலாம். மாற்றுப் பேட்டரி விலையை மெஷின் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அதைக் கேட்டதும் சிலர் மனம் மாறியிருக்கிறார்கள். நல்ல கம்பெனி என்றால் அதே பேட்டரியில் டிரில், இலை ஊதும் புளோயர், வேலி கத்தரிக்கும் மெஷின் எல்லாம் ஓடும் என்பது லாபம்.

மகன் கோவையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, ஊரில் தோட்டம் பார்க்கிற அப்பாவுக்கு மெஷின் வாங்கித் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர் கையில் எட்டு, பத்துக் கிலோ பெட்ரோல் மெஷினைக் கொடுத்துக் கயிற்றை இழுக்கச் சொல்வது அன்பில் சேராது. அவர் 'எனக்கென்னப்பா, நானே ஓட்டிக்குவேன்' என்பார்தான். அங்கே மூன்று கிலோவுக்குள் இருக்கும் பேட்டரி டிரிம்மரும் (நைலான் கயிறு சுற்றும் சின்னப் புல்வெட்டி), வருடத்துக்கு நாலு தடவை கூலிக்கு வரும் பிரஷ் கட்டர்காரரும் சேர்ந்தால் வேலை முடிந்தது.

ஒயர் வைத்த கரன்ட் மெஷினை இங்கே பலரும் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை குறைவு, எடை குறைவு, தீர்ந்துபோகிற பேட்டரி இல்லை. அதில் இருப்பது மிக்ஸியில் உள்ள மாதிரி கார்பன் பிரஷ் மோட்டார்தான். பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்கிற ஊர் நம்முடையது. தெருவுக்குத் தெரு வைண்டிங் கடை உண்டு. மிக்ஸி ஆர்மெச்சர் கட்டித் தருகிறவர் இதையும் கட்டித் தருவார். பேட்டரி மெஷினின் பிரஷ்லெஸ் மோட்டாரில் போர்டு போனால் அவர் கையை விரித்துவிடுவார், கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் ஒயர் ஒயர்தான். ஈரப் புல்லில் ஓட்டவே கூடாது. வீட்டு மெயினில், மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இதை வெளியே எடுத்துப் போவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும்; அழுத்தினால் டிரிப் ஆகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் எர்த்தோடு மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர், நடுவில் டேப் சுற்றிய ஒட்டு இல்லாமல் இருக்க வேண்டும். ஒயர் எப்போதும் தோளுக்குப் பின்னால் போக, வெட்டாத பக்கத்தை நோக்கி நடந்தால் மேலே ஏறி அறுக்கும் வாய்ப்புக் குறையும். பிளக் இருக்கிற சுவரிலிருந்து முப்பது மீட்டருக்குள் வேலை முடியும் என்றால் இதை வாங்குங்கள், இல்லாவிட்டால் பேட்டரிக்குப் போங்கள்.

பிளேடா, நைலான் கயிறா

மெஷினைவிட இதில்தான் காயம் அதிகம் தங்கியிருக்கிறது. சுவர் ஓரம், நடைபாதை ஓரம், சரளை மண், இளம் புல் எல்லாவற்றுக்கும் நைலான் கயிறு. பார்த்தீனியம் தண்டு முற்றினால், எருக்கு, சீமைக்கருவேலக் கன்று என்றால் மூன்று பல் பிளேடு. நெல் அறுக்கிற மாதிரி நிறையப் பல் உள்ள வட்ட பிளேடைக் கல் கிடக்கிற இடத்தில் போடாதீர்கள். பல்லில் ஒட்டிய கடினத் துண்டு தெறித்தால் அது கல்லைவிட மோசம். நைலான் அடிக்கடி அறுகிறது என்று கிளட்ச் கேபிளையும் கம்பியையும் செருகி ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கம்பி துண்டு துண்டாக அறுந்து பறக்கும். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பிளேடு மேலிருந்து பார்க்கையில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும். வெட்டிய புல்லும் வெட்டி முடித்த பக்கம் விழும். பிளேடின் முன்பக்க வலது கால்வட்டம் ஒரு கட்டையிலோ கல்லிலோ பட்டால் மெஷின் படாரென்று உதைத்துத் திரும்பும். தண்டு கெட்டியாக இருந்தால் பிளேடின் இடது பக்கத்தைக் கொடுங்கள்.

காவலுக்கு இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது ஊரெல்லாம் பார்க்கிற காட்சி. புல் அடைக்கிறதாம். அந்தத் தகட்டில்தான் கயிற்றைச் சரியான நீளத்துக்கு அறுக்கும் சின்னக் கத்தி இருக்கிறது. அது இல்லாவிட்டால் கயிறு நீண்டு, இன்ஜின் திணறிச் சூடேறும். காலும் போகும், மெஷினும் போகும்.

வெட்டத் தொடங்கும் முன் ஒரு நடை நடந்து பாருங்கள். கல், கம்பி, பாட்டில், குளவிக் கூடு, அதோடு சொட்டுநீர்க் குழாய். தென்னைக்குப் போட்ட 16 எம்.எம். பக்கக் குழாய் புல்லுக்குள் மறைந்திருக்கும். நைலான் கயிறே அதை ஓட்டை போட்டுவிடும். இளங்கன்றுகளைச் சுற்றி ஒன்றரை அடிக்குக் கையால்தான் களை எடுக்க வேண்டும். பட்டை ஒரு வட்டம் உரிந்தால் கன்று போச்சு.

பார்த்தீனியத்துக்கு மட்டும் தனியாக ஒரு சொல். பூத்தபின் மெஷினால் அடித்தால் மகரந்தமும் தூளும் முகத்துக்கு வரும். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்களுக்கு அது வேண்டாத வேலை, விதையும் பரவும். மழை பெய்த மறுநாள், பூக்கும் முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்கினால் அடுத்த முறை குறையும். எருக்கம்பால் கண்ணில் பட்டாலும் ஆபத்து, அதற்கும் கண்ணாடி வேண்டும்.

பவர் வீடர்: வாங்குவதா, வாடகைக்கா

சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் இந்த மெஷினை, முப்பது சென்ட்டுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். இதற்கு மேல் இந்தப் பகுதியைச் சிலர் படிக்கவே வேண்டாம்.

மற்றவர்களுக்கு: களையை ஒழிக்கத்தான் இது என்று நினைத்து வாங்குகிறார்கள். விதையில் முளைக்கும் களைக்குச் சரி. கோரைக்கும் அருகுக்கும் இது உரம் போட்ட மாதிரி. கோரையின் கிழங்கு மண்ணுக்குள் சரம் சரமாக இருக்கிறது. சுழலும் கத்தி அந்தச் சரத்தை அறுத்து இடம் முழுக்கப் பரப்பும், ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடி. அருகம்புல்லின் கணுத் துண்டும் அப்படியே. கோரை மண்டிய இடத்தில் மீண்டும் மீண்டும் வெட்டி வெயில் படவிடாமல் தடித்த மூடாக்குப் போடுவதும், கையால் கிழங்கோடு தோண்டுவதும்தான் வழி. மெதுவான வழிதான், என்ன செய்வது.

காய்கறிப் பாத்தி போட மண்ணைப் பொலபொலப்பாக்க என்றால் வீடர் நல்லது. ஆனால் அந்த வேலை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். பக்கத்துத் தோட்டத்தில் வைத்திருப்பவரிடம் மணிக் கணக்குக்குக் கூப்பிட்டால் ஆளோடு வருவார். சொந்தமாக வாங்குவதென்றால், பட்டா நிலம் உள்ளவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கேட்டுப் பாருங்கள்; சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர் ஆகியோருக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை என்பது மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் உள்ள விகிதம், ஒவ்வொரு மெஷினுக்கும் உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியில் விண்ணப்பிக்கலாம். மொட்டைமாடித் தோட்டத்துக்கும் வீட்டு மனைக்கும் இது பொருந்தாது.

தென்னைக்கு அடியில் ஆழமாக ஓட்டாதீர்கள். சத்து எடுக்கும் வேர்கள் தண்டைச் சுற்றி ஆறடிக்குள் மேலாகவே படர்ந்திருக்கின்றன.

வீடரில் ஆபத்து ரிவர்ஸில்தான். பின்னால் சுவரோ மரமோ இருக்கும்போது ரிவர்ஸ் போட்டால், மனிதன் நடுவில் மாட்டிக்கொள்வான். கால் தடுக்கி விழுந்தால் சுழலும் கத்தி மேலேயே ஏறும். கையை விட்டால் நின்றுவிட வேண்டும் என்றுதான் கைப்பிடியில் கிளட்ச் லிவர் வைத்திருக்கிறார்கள். கை வலிக்கிறது என்று அதைச் சைக்கிள் டியூப் போட்டுக் கட்டிவைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால், வாடகைக்கு வந்த ஆளாக இருந்தாலும் அவிழ்க்கச் சொல்லுங்கள்.

தென்னை மட்டையும் ரம்பமும்

ஒரு தென்னை வருடத்துக்குப் பன்னிரண்டு மட்டை போல விடும். பத்து மரம் இருந்தால் 120 மட்டை. பொள்ளாச்சிப் பக்கம் பெரிய தோப்புக்காரர்கள் டிராக்டரில் ஷ்ரெடர் மாட்டித் தூளாக்குகிறார்கள், அவர்களுக்குக் கட்டுபடியாகும். பத்து மரத்துக்கு ஷ்ரெடர் வாங்குவது வீண். கொடுவாளால் மூன்று துண்டாக்கி வட்டப்பாத்தியில் கவிழ்த்துப் பரப்பினால் மூடாக்கு ஆயிற்று, ஈரமும் நிற்கும். கீழே போடப் பிடிக்காமல் எரிப்பதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

மாடு இருக்கிற வீடுகளில் தீவனம் நறுக்கும் மெஷினிலேயே மட்டையையும் விடுகிறார்கள். சோளத்தட்டுக்குச் செய்தது அது. ஓலைப் பகுதி போகும், அடிமட்டை சிக்கும். சிக்கியதைக் கையால் தள்ளும் அந்த ஒரு நொடியில்தான் விரல் போகிறது. கதிரடிக்கும் மெஷின்களில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான் 1983-லேயே ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்த ஒரு மத்திய சட்டம் வந்தது. சிக்கினால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சக்கரம் நின்றபின் எடுங்கள். இந்த மெஷினில் மட்டும் தொளதொளப்பான கையுறை வேண்டாம், வளையலும் வேண்டாம், இழுத்துக்கொண்டு போகும்.

செயின் ரம்பம்? வீட்டுத் தோட்டக்காரர் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆடிக் காற்றில் வேப்பங்கிளை முறிந்து விழுந்தால் ஆள் கூப்பிடலாம். வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கும் ஆபத்தான கருவியில் கை பழகவே பழகாது. இப்போது நாலு அங்குல, ஆறு அங்குல பேட்டரி ரம்பங்கள் பொம்மை மாதிரி வருகின்றன. ஒரு கையில் கிளையையும் மறு கையில் ரம்பத்தையும் பிடிக்கத் தூண்டுவதே அவற்றின் குறை. செயின் ஓடும் வாள் நுனியின் மேல்பக்கம் மரத்தில் பட்டால் சின்னதும் எகிறும், பலவற்றில் செயின் பிரேக் கிடையாது. அரை அடிக் கனத்துக்குள் இருக்கும் கிளைக்கு ஒரு நல்ல கைரம்பம் போதும், எட்டாத உயரத்துக்குக் கோலில் மாட்டிய கைரம்பம். ஏணியில் நின்றபடி எந்த மின்ரம்பமும் வேண்டாம். மின்கம்பி ஓரத்துக் கிளை என்றால் மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள், அவர்களுடைய புகார் மையமான மின்னகத்தில் பதிவு செய்யலாம். அலுமினியத் தொரட்டியை மின்கம்பிக்குப் பக்கத்தில் தூக்கவே தூக்காதீர்கள். மூங்கில் தொரட்டியும் ஈரமாக இருந்தால் காப்பாற்றாது.

சின்னச் சாமான்கள்

புல்தரை 500 சதுர அடிக்குள் என்றால் கையால் தள்ளும் உருளை மோவர் போதும். கரன்ட் மோவருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் தரை வெளுத்துப்போகும். கிளுவை வேலியைக் கத்தரிக்க மெஷின் வாங்க நினைப்பவர்கள் கட்டைவிரல் கனத்துக்கு மேல் உள்ள கொம்பை அது கடிக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த வேலிக்குக் கொடுவாள்தான்.

தெளிப்பான் என்றால் மாடித் தோட்டத்துக்கு இரண்டு லிட்டர் காற்றழுத்தத் தெளிப்பான், தரைத் தோட்டத்துக்கு 16 லிட்டர் பேட்டரித் தெளிப்பான். நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ, முதுகு தாங்குமா என்று பாருங்கள். பாதி நிரப்பினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவைப் பத்து லிட்டருக்கு 300 மில்லி கலந்து அடிப்பவர்கள், துணியில் இரண்டு தடவை வடிகட்டாவிட்டால் நாசில் அடைப்பை எடுப்பதிலேயே காலைப் பொழுது போய்விடும். களைக்கொல்லி ஊற்றிய தெளிப்பானை வேறெதற்கும் எடுக்காதீர்கள், எத்தனை தடவை கழுவியிருந்தாலும்.

உடுப்பும் பெட்ரோலும்

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரஷ் கட்டர் ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. முழுக்கால் பேன்ட், கம்பூட், முழுக்கை சட்டை. தோளில் துண்டு, துப்பட்டா, சேலைத் தலைப்பு எதுவும் தொங்கக் கூடாது. முகத்துக்கு வலை போட்ட மறைப்பு கல்லைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது; அதற்குள்ளே கண்ணாடியும் போடுங்கள். பெட்ரோல் மெஷினுக்குக் காதுமூடி கட்டாயம். கூலிக்கு வரும் ஆளிடம் இவை இருக்காது பெரும்பாலும். ஒரு கண்ணாடியும் காதுமூடியும் வீட்டில் வாங்கி வைத்து அவருக்குக் கொடுங்கள்; அடிபட்டால் அவர் உங்கள் இடத்தில்தானே அடிபடுகிறார்.

பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைப்பது பல வீடுகளில் பழக்கம். 2டி கலந்தது நிறத்தோடு சர்பத் மாதிரி இருக்கும், குழந்தை இருக்கிற வீட்டில் அது போதும். மூடி சரியான கேனில் பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள். சூடான இன்ஜினில் ஊற்றாமல் ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

வாங்கும் கடையில்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது சென்ட்டை வெட்ட மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு ஒன்றிரண்டு தடவை, ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று தடவை. வருடத்துக்குப் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நாள் முழுக்க மெஷின் சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதுதான் பெட்ரோல் மெஷினுக்குக் கேடு. ஆகவே இருபது சென்ட் வரை: சுவர் ஓரத்துக்கு ஒரு ஒயர் அல்லது பேட்டரி டிரிம்மர், பெரிய வெட்டுக்குக் கூலி ஆள். அரை ஏக்கருக்கு மேல், ஓட்ட ஆளும் உண்டு என்றால் ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் மலிவு மெஷின், ஆயில் கலப்பதில் கவனமுள்ளவர் கையில் நன்றாகவே உழைக்கும். கவனமில்லாதவர் கையில் இரண்டு சீசன் தாண்டாது.

ஜூலையில் கோவை கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியில் எல்லாக் கம்பெனி மெஷினையும் ஒரே இடத்தில் தூக்கிப் பார்க்கலாம். தூக்கிப் பாருங்கள், தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நில்லுங்கள், ஆனால் அங்கேயே வாங்கிவிடாதீர்கள். வாங்குவது உங்கள் ஊரிலிருந்து பைக்கில் போய்வரும் தூரத்தில் இருக்கட்டும். 'ஏனுங்க, இதுக்கு ஸ்டார்ட்டர் கயிறு, ஏர் ஃபில்டர், பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் டயஃப்ரம் இருக்குதுங்களா?' என்று கேளுங்கள். உடனே எடுத்துக் காட்டினால் சரியான கடை. 'கம்பெனிக்கு எழுதிப் போடணுங்க' என்றால் அடுத்த கடை.

பழைய மெஷின் வாங்குவதானால் நீங்கள் போகும்முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இன்ஜினைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த மெஷின் சோக் போட்டு நாலைந்து இழுப்பில் எழும்ப வேண்டும். ஆக்ஸிலேட்டரை விட்டு ஐட்லிங்கில் ஓடும்போது பிளேடு நின்றிருக்க வேண்டும்; சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது ஐட்லிங்கை ஏற்றி வைத்திருக்கிறார்கள், அதைச் சரிசெய்து காட்டும்வரை காசு கொடுக்காதீர்கள்.